பரிந்துரை முறைமை மெதுவாக ஓடுகிறதா? சேர்வர் வாங்குமுன் கணக்கைப் பாருங்கள்

காத்தான்குடி, கல்முனை, மட்டக்களப்பு நகர், அக்கரைப்பற்று என்று இரண்டு மாவட்டத்துக் கடைகளின் சாமான்களையும் ஒரே செயலியில் விற்கும் இணையக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் 2 இலட்சம். பொருட்கள் 50,000. இதுவரை சேர்ந்த கிளிக்கும் கொள்வனவும் 1 கோடி. ஒவ்வொருவருக்கும் "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று 20 பொருட்களைக் காட்ட வேண்டும்.

பாவனையாளர் ஒருவருக்கு ஒரு நிரை, பொருள் ஒன்றுக்கு ஒரு நிரல் என்று தாயம் (மெட்ரிக்ஸ் எனும் எண் கட்டம்) கட்டினால் 1000 கோடிப் பெட்டிகள் வரும். பெட்டிக்கு 4 பைட் என்றால் 40 ஜிபி. 32 ஜிபி ரேம் உள்ள சேர்வர் அதிலேயே விழுந்துவிடும். பலரும் ஸ்பார்க் கிளஸ்டருக்கு (பல சேர்வர்களைச் சேர்த்து ஓட்டும் அமைப்புக்கு) விலை விசாரிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்த 1000 கோடியில் ஏதாவது எழுதியிருக்கும் பெட்டிகள் 1 கோடி மட்டுமே, ஆயிரத்தில் ஒன்று. மிச்சமெல்லாம் பூச்சியம். பூச்சியங்களை விட்டுவிட்டு, பொருளின் எண்ணுக்கு 4 பைட், பெறுமானத்துக்கு 4 பைட் என்று வைத்தால் மொத்தம் 80 எம்பி. வாட்ஸ்அப்பில் வந்து குவியும் கல்யாண வீடியோக்கள் இதைவிடப் பெரியவை.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் சேர்ந்து சனத்தொகை 11.7 இலட்சத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டு மாவட்டத்துக்குள் நிற்கும் கடைக்குப் பாவனையாளர் எண்ணிக்கை எவ்வளவுதான் ஏறினாலும் அதற்கொரு கூரை உண்டு. ஆகவே கீழே உள்ளதெல்லாம் 8 கோர், 32 ஜிபி ரேம் கொண்ட ஒற்றைச் சேர்வருக்காக எழுதப்பட்டது. முறைமை மெதுவாக ஓடினால், பெரும்பாலும் அது செய்யத் தேவையில்லாத ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்த வேலை எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

நேரம் எங்கே போகிறது?

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கோரிக்கையின் பாதையை ஆறாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நேரம் பதியுங்கள்: பாவனையாளரின் பழைய தரவை எடுப்பது, பொருட்களைத் தேர்வது, அனுப்ப முடியாதவற்றைக் கழிப்பது, வரிசைப்படுத்துவது, பெயர், விலை, படம் எடுப்பது, பதிலை அனுப்புவது. சராசரியைப் பார்க்காதீர்கள். நூறு கோரிக்கைகளில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். சராசரி 40 மில்லிசெக்கனாக இருக்கும்போதே அந்த ஒன்று 2 செக்கன் எடுக்கலாம். அது பெரும்பாலும் அதிகம் வாங்கும் வாடிக்கையாளராகத்தான் இருக்கும், ஏனென்றால் அவருடைய வரலாறு நீளம்.

அளந்து பார்த்தால் பெரும்பாலும் பரிந்துரைக் கணக்கு குற்றவாளியாக இருக்காது. 300 பொருட்களின் விலையைத் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் வழக்கமான பிழை. ஒரு கேள்விக்கு அரை மில்லிசெக்கன் என்றாலும் 300 கேள்விக்கு 150 மில்லிசெக்கன். 300 எண்களையும் ஒரே கேள்வியாகக் கேட்டால் அது சில மில்லிசெக்கனில் முடியும். இன்னொன்று தூரம். சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ இருந்தால், வாகரையில் இருக்கும் தொலைபேசி ஒருமுறை போய்வரவே பல பத்து மில்லிசெக்கன் போகும். செயலி முதலில் பரிந்துரையைக் கேட்டு, பிறகு விலையைக் கேட்டு, பிறகு படத்தின் முகவரியைக் கேட்டால் அந்தத் தூரத்தை மூன்று தடவை ஓட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே பதிலில் அனுப்புங்கள். இந்த இரண்டையும் திருத்தியதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டால், மிச்சத்தை வாசிக்காமலே எழும்பிப் போகலாம்.

தரவை ஒழுங்குபடுத்துவது

அடையாள எண்களில் தொடங்குங்கள். 36 எழுத்து நீளமான பாவனையாளர் அடையாளத்தைப் பைதன் சரமாக வைத்தால் ஒன்றுக்கு எழுபது, எண்பது பைட் போகும். 1 கோடி வரிக்கு 800 எம்பி வரை, அதுவும் ஒரு நிரலுக்கு மட்டும். தரவு உள்ளே வரும்போதே 0, 1, 2 என்று தொடர் எண்ணாக மாற்றி 4 பைட் முழுஎண்ணாக வையுங்கள். எந்த எண் யாருடையது என்ற அட்டவணையைத் தனியாகச் சேமியுங்கள். இந்த அட்டவணை பிறகு ஒரு பெரிய வில்லங்கத்தில் வந்து நிற்கும், கீழே சொல்கிறோம்.

பெறுமானங்களை 8 பைட் தசமமாக வைக்க வேண்டாம், 4 பைட் போதும். பைதனின் பாண்டாஸ் நூலகம் கேட்காமலே 8 பைட்டில்தான் வைக்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். சிஎஸ்வி கோப்பை விட்டு, நிரல்வாரியாகச் சேமிக்கும் பாக்கே வடிவத்துக்குப் போங்கள். தேவையான நிரல்களை மட்டும் வாசிக்கலாம், கோப்பும் சுருங்கும். 1 கோடி வரியைத் தொகுக்க டக்டிபி அல்லது போலர்ஸ் என்ற தரவுக் கருவி போதும்.

பைதனின் சைபை நூலகத்தில் நிரைவாரியான ஐதான (பூச்சியங்களை விட்டுவிட்ட) தாயம் கட்டும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஒரே ஆள் ஒரே பொருளுக்கு 40 வரி வைத்திருந்தால் தாயம் அவற்றைச் சத்தமில்லாமல் கூட்டி 40 என்று எழுதிவிடும். அது நாற்பது தடவை ஆசைப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் பக்கம் திரும்பத் திரும்பத் திறந்திருக்கலாம். 1 கூட்டி இயற்கை மடக்கை எடுங்கள்: 40 வெறும் 3.7 ஆகும். கொள்வனவுக்கு ஒரு நிறை, கூடையில் போட்டதற்கு ஒன்று, பார்த்ததற்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். 5, 3, 1 என்று தொடங்கலாம்.

தமிழில் பெயர் வைத்த பொருட்களுக்கு மட்டும் வரும் ஒரு தலையிடியும் உண்டு. "மருதமுனைச் சாரம்", "மருதமுனை சாரன்", "கைத்தறிச் சாரம்" என்று மூன்று கடைக்காரர் ஒரே சாரத்தை மூன்று விதமாகப் பதிந்திருப்பார்கள். பரிந்துரைக் கணக்குக்கு அவை மூன்று வேறு பொருட்கள். ஒன்றுக்கு 90 பேர் கிளிக் செய்திருக்க வேண்டியது 30, 30, 30 என்று சிதறிப்போகும். இதைவிட மோசம் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், சர ஒப்பீட்டில் வேறு. எல்லாப் பெயர்களையும் என்.எஃப்.சி. எனும் யுனிகோட்டின் ஒரே சீரான வடிவத்துக்கு இயல்பாக்கி, இடையில் ஒளிந்திருக்கும் அகலமில்லாத இணைப்புக் குறிகளையும் அகற்றிய பிறகு ஒப்பிடுங்கள். இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கினால் தாயம் சிறுக்கும், பரிந்துரையும் திருந்தும். வேகத்தையும் தரத்தையும் ஒன்றாகக் கூட்டும் வேலைகள் அதிகமில்லை, இதைத் தவறவிடாதீர்கள்.

பொருளுக்குப் பொருள் ஒப்புமை, அதைக் கெடுக்கும் ஒரே ஆள்

அமேசன் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன வழிதான் இன்றும் தொடங்க நல்லது. "இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்று பொருளுக்குப் பொருள் ஒப்புமையை இரவில் கணித்து அட்டவணையாக வைத்துவிட வேண்டும். பகலில் செய்வது அட்டவணையைப் புரட்டுவது மட்டும். ஆளுக்கு ஆள் ஒப்பிடும் முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2 இலட்சம் பேரைத் தேட வேண்டும், இதில் தேவையில்லை.

இரவு வேலையின் செலவு எதைப் பொறுத்தது? வரிகளின் மொத்த எண்ணிக்கையைப் பொறுத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு பாவனையாளரும் தொட்ட பொருட்களின் எண்ணிக்கையை வர்க்கித்துக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அவர் தொட்ட ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொன்றோடும் சோடி சேரும். சாதாரண ஆள் 50 பொருள் தொட்டிருந்தால் 2,500 சோடி. 2 இலட்சம் பேருக்கும் சேர்த்து 50 கோடி. பரவாயில்லை.

இப்போது போட்டிக் கடை ஒன்றின் விலை பார்க்கும் ரோபோ வந்து 20,000 பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகிறது. 20,000 வர்க்கம் 40 கோடி. ஒரேயொரு கணக்கு, ஊர் முழுவதும் சேர்ந்து செய்த வேலையில் ஐந்தில் நாலு பங்கைத் தனியே ஏற்றிவிட்டது. "நேற்று 10 நிமிடத்தில் முடிந்த வேலை இன்று 20 நிமிடம் எடுக்கிறது, தரவு அவ்வளவு கூடவில்லையே" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ரோபோ மட்டும் இல்லை. ஊர்ப்பக்கம் கொமியூனிகேஷன் கடைக்காரர் தன் கணக்கிலேயே அயலட்டை முழுவதுக்கும் ஓடர் போட்டுக் கொடுப்பார். அவர் கணக்கில் 3,000 விதமான பொருள் இருந்தால் 90 இலட்சம் சோடி, 3,600 சாதாரண ஆட்களுக்குச் சமம். செலவோடு நிற்காது. குழந்தைப் பால்மாவுக்குப் பக்கத்தில் மீன்வலை வந்து உட்காரும். அவர் நேர்மையான வாடிக்கையாளர், தடைசெய்யக் கூடாது. ஒப்புமைக் கணக்கில் மட்டும் அவரைக் கட்டுப்படுத்துங்கள்.

அதற்கு வழி எளிது: ஒரு கணக்குக்கு ஆகக் கடைசியான 300 பொருட்களை மட்டும் எடுங்கள். யார் வந்தாலும் உச்சம் 90,000 சோடி. 200 முதல் 500 வரை எந்த எண்ணும் சரியாக வரும். 300ஐ மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெருக்கல் முடிந்ததும் 50,000 × 50,000 விடையை முழுதாக வைத்தால் 10 ஜிபி. 1,000 பொருட்களாகத் துண்டுபோட்டுப் பெருக்குங்கள். ஒரு துண்டு ஆகக் கூடினால் 200 எம்பி. ஒவ்வொரு பொருளுக்கும் நெருங்கிய 50ஐ மட்டும் எடுத்து வைத்துவிட்டுத் துண்டை எறிந்துவிடுங்கள். கடைசியில் கையில் நிற்பது 25 இலட்சம் சோடி, 20 எம்பி.

ஒரேயொரு ஆள் வாங்கிய இரண்டு அபூர்வப் பொருட்களுக்குக் கோசைன் ஒப்புமை (நீளத்தை விட்டுத் திசையை மட்டும் ஒப்பிடும் அளவு) 1.0 வரும். உலகத்திலேயே மிக நெருக்கமான சோடி என்று கணக்கு சொல்லும், அது வெறும் தற்செயல். சேர்ந்து தொட்டவர்களின் எண்ணிக்கையை அதோடு 10 கூட்டிய எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தால் ஒப்புமையைப் பெருக்குங்கள். ஒரு ஆள் என்றால் பதினொன்றில் ஒன்று, 0.09 ஆகச் சுருங்கும். நூறு பேர் என்றால் 0.91, ஏறத்தாழ முழுதாக நிற்கும்.

தாயத்தைக் காரணியாக்குதல்

ஒப்புமை அட்டவணை நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு ஏ.எல்.எஸ். முறைக்குப் (பெரிய தாயத்தை இரண்டு சிறிய தாயங்களின் பெருக்கமாகப் பிரிக்கும் வழிக்குப்) போங்கள். அதற்கு முன் அவசரமில்லை. ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 64 எண் கொண்ட வெக்டர் ஒன்று (உயர்தரக் கணிதத்தில் காவி என்று படித்ததுதான்) கிடைக்கும். இரண்டையும் புள்ளிப் பெருக்கம் செய்தால் (ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டினால்) விருப்பத்தின் அளவு வரும். மொத்தம் 2,50,000 வெக்டர், 64 எம்பி. கிளிக், கொள்வனவு போன்ற மறைமுகத் தரவுக்கு 2008இல் ஹூ, கோரென், வொலின்ஸ்கி மூவரும் வெளியிட்ட வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பைதனில் இம்ப்ளிசிட் என்ற நூலகத்தில் அது தயாராக இருக்கிறது.

இங்கே மூன்று திருகாணிகள். காரணி எண்ணிக்கையை (வெக்டரில் எத்தனை எண் என்பதை) 64இலிருந்து 128 ஆக்கினால் நேரம் இரட்டிக்கும் என்று நினைக்காதீர்கள். கணக்கின் ஒரு பகுதி வர்க்கமாக ஏறும், நாலு மடங்கு. நேரடியாகச் சமன்பாடு தீர்க்கும் பகுதி கனமாக ஏறும், எட்டு மடங்கு. இரண்டாவது, அந்தச் சமன்பாட்டை முழுதாகத் தீர்க்காமல் படிப்படியாக விடையை நெருங்கும் இணையியச் சரிவு முறையில் 3 படி மட்டும் போகச் சொல்லுங்கள். கன ஏற்றம் போய்விடும், விடையில் வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, தாயக் கணக்குகளைச் செய்யும் ஓப்பன்பிளாஸ் நூலகத்தின் இழை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். இம்ப்ளிசிட் தானே 8 இழையாகப் பிரிந்து ஓடும்போது ஒவ்வொரு இழைக்குள்ளும் ஓப்பன்பிளாஸ் இன்னொரு 8 இழையைத் திறந்தால், 8 கோரில் 64 பேர் முட்டிமோதுவார்கள். சி.பி.யு. சுமை நூறு வீதம் காட்டும், வேலை நகராது.

எத்தனை மாதிரிகளை (மொடல்களை) ஒன்றாகச் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் போட்டி நல்ல பதில். 2006இல் 10 இலட்சம் டொலர் பரிசு அறிவித்து, 10 கோடிக்கு மேற்பட்ட மதிப்பீடுகளைக் கொடுத்தார்கள். 2009இல் வென்ற குழு ஏராளமான மாதிரிகளைக் கலந்து இலக்கான 10 வீத முன்னேற்றத்தைத் தாண்டியது. நெட்ஃபிளிக்ஸ் அந்த முழுக் கலவையையும் பாவனைக்குக் கொண்டுவரவில்லை. கிடைக்கும் துல்லியம் அதற்கான பொறியியல் செலவுக்கு ஈடாகாது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கே கட்டவில்லை.

பகலில் பதில் சொல்வது

ஒருவருக்கு 50,000 பொருட்களையும் மதிப்பிட 32 இலட்சம் பெருக்கல், வாசிக்க வேண்டிய நினைவகம் 12.8 எம்பி. ஒரு கோரில் சில மில்லிசெக்கன். இந்த அளவில் அண்ணளவுத் தேடல் (எல்லாவற்றையும் பார்க்காமல் நெருங்கியவற்றை மட்டும் தேடும்) கட்டமைப்பு எதுவும் தேவையில்லை, எல்லாவற்றையும் பெருக்கிப் பார்ப்பதே போதும். இணையத்தில் வாசிப்பதெல்லாம் கோடிக்கணக்கான பொருள் வைத்திருப்பவர்கள் எழுதியது.

பெருக்கலைவிடத் தெரிவுதான் நேரம் தின்னும். 50,000 மதிப்பெண்ணையும் முழுதாக வரிசைப்படுத்த வேண்டாம். பைதனின் நம்பை நூலகத்தில் ஆர்க்பார்ட்டிஷன் கொண்டு மேலே உள்ள 200ஐப் பிரித்தெடுத்து அந்த 200ஐ மட்டும் வரிசைப்படுத்துங்கள். பல மடங்கு வித்தியாசம் தெரியும்.

விநியோக வடிகட்டல்தான் நம் பக்கத்தில் சிக்கலான இடம். படுவான்கரையில் வெல்லாவெளியில் இருப்பவருக்கு, கல்முனைக்குள் மட்டும் அனுப்பும் கடையின் சாமானைக் காட்டிப் பயனில்லை. வழக்கமாகச் செய்வது, முதலில் 20 பொருளைத் தெரிவுசெய்து பிறகு அனுப்ப முடியாதவற்றைக் கழிப்பது. கழித்தபின் 3 மிஞ்சும், சிலவேளை ஒன்றும் மிஞ்சாது. கல்முனைப் பாவனையாளருக்கு எல்லாம் சரியாக இருப்பதால் சோதனையில் இந்தப் பிழை பிடிபடாது. ஆறு மாதம் கழித்து, வாவிக்கு அந்தப் பக்கம் ஏன் யாரும் வாங்குவதில்லை என்று விற்பனைப் பிரிவு கேட்கும்போதுதான் தெரியவரும்.

ஒவ்வொரு விநியோக வலயத்துக்கும் ஒரு பிட் முகமூடி வையுங்கள். பொருளுக்கு ஒரு பிட், அனுப்பலாம் என்றால் 1, இல்லை என்றால் 0. 50,000 பொருளுக்கு 6.25 கேபி. 30 வலயம் என்றாலும் 190 கேபி கூட இல்லை. மதிப்பெண் கணித்ததும், தெரிவுக்கு முன்னாலேயே, 0 உள்ள பொருட்களின் மதிப்பெண்ணை எதிர் முடிவிலி ஆக்கிவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் வீதி மூடினால் அந்த வலயத்தின் முகமூடியை மாற்றினால் சரி, மாதிரியைத் தொட வேண்டியதில்லை. கையிருப்பு முடிந்த பொருளுக்கும் இதே வழிதான்.

எல்லோருக்கும் இரவிலேயே கணித்து வைக்கலாமா? வைக்கலாம். 1,000 பேராகத் தொகுதி பிரித்தால் ஒரு தொகுதிக்கு 200 எம்பி, 200 தொகுதி, சில நிமிட வேலை. கடந்த 30 நாளில் வந்தவர்களுக்கு மட்டும் கணித்தால் இன்னும் குறையும். மற்றவர்கள் வரும்போது அந்த நேரத்தில் கணித்துக் கொடுங்கள். கணித்ததை ரெடிஸில் (நினைவகத்திலேயே வைக்கும் தரவுக் களஞ்சியத்தில்) போடும்போது பொருளின் எண்ணை மட்டும் போடுங்கள். 100 பொருளுக்கு 400 பைட், 2 இலட்சம் பேருக்கும் 80 எம்பி, அதோடு ரெடிஸின் சொந்தச் சுமை. பெயர், விலை, படம் எல்லாம் சேர்த்து ஜேசன் ஆகப் போட்டால், பொருளுக்கு 200 பைட் வீதம் 4 ஜிபி ஆகும். மேலதிகமாக, காலையில் விலை மாறினாலும் மாலை வரை பழைய விலையையே காட்டும். விலைச் சண்டை வாடிக்கையாளரைத் துரத்தும்.

பொருள் பல இலட்சமானால்

5 இலட்சம், 10 இலட்சம் பொருள் என்று போகும்போதுதான் அண்ணளவுத் தேடலுக்கு வேலை வரும். நெருங்கிய பொருட்களை இணைப்புகளால் கோத்துத் தேடும் எச்.என்.எஸ்.டபிள்யூ. வரைபடத்துக்குத் தொடக்கமாக எம் (ஒரு பொருளுக்கான இணைப்பு எண்ணிக்கை) 16, கட்டும் அகலம் 200, தேடும் அகலம் 100 என்று வையுங்கள். 10 இலட்சம் வெக்டருக்கு வெக்டர் 256 எம்பி, இணைப்புகள் ஏறத்தாழ 128 எம்பி. ஃபைஸ் நூலகத்தின் ஐ.வி.எஃப். முறை (பொருட்களைக் கொத்துகளாகப் பிரித்துத் தேடுவது) என்றால் கொத்துகளின் எண்ணிக்கை பொருள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் நாலு மடங்கு, அதாவது 10 இலட்சத்துக்கு 4,000. ஒரு கொத்துக்கு 39 பயிற்சி வெக்டருக்குக் குறைந்தால் ஃபைஸ் எச்சரிக்கை காட்டும், ஆகவே பயிற்சிக்குக் குறைந்தது 1,56,000 வெக்டர் கொடுங்கள்.

பலர் விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. ஏ.எல்.எஸ். வெக்டர்களைக் கோசைன் தேடலில் அப்படியே போட்டுவிடுவார்கள். கோசைன் வெக்டரின் நீளத்தை அழித்துவிடும். ஒரு பொருள் எவ்வளவு பேருக்குப் பிடிக்கும் என்ற செய்தி பெரிய அளவில் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. விளைவாக ஓரிருவர் மட்டும் தொட்ட பொருட்கள் மேலே மிதந்து வரும். திருத்தம்: ஆக நீளமான பொருள் வெக்டரின் நீளத்தின் வர்க்கத்திலிருந்து இந்தப் பொருளின் நீளத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 65ஆவது எண்ணாகச் சேர்த்துவிடுங்கள். பாவனையாளர் வெக்டரில் 65ஆவது எண் 0. அதன் பிறகு சாதாரண தூரத் தேடலில் ஆக அண்மையில் வருவதே புள்ளிப் பெருக்கம் ஆகக் கூடியது.

அமைத்ததும் 1,000 பாவனையாளருக்கு முழுப் பெருக்கலின் முதல் 20ஐயும் அண்ணளவுத் தேடலின் முதல் 20ஐயும் ஒப்பிடுங்கள். நூற்றுக்கு 95 பொருந்தாவிட்டால் தேடும் அகலத்தைக் கூட்டுங்கள். வலய முகமூடி இங்கே அவ்வளவு எளிதாக வராது. ஒன்றில் 20க்குப் பதில் 500 எடுத்துக் கழியுங்கள், அல்லது வலயத்துக்கு வலயம் தனிக் கட்டமைப்பு வையுங்கள். ஜிபியு வாங்குவதைப் பற்றி இதற்குப் பிறகு யோசியுங்கள்.

இரவு வேலையும் அது உடையும் விதங்களும்

1. கிரானை (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கருவியை) இரவு 12 மணிக்கு வைத்தேன், விடியும் நேரத்தில் ஓடுகிறது என்றால் சேர்வர் யு.டி.சி. நேரத்தில் இருக்கிறது. நமக்கு அது காலை 5.30. நாள் பிரிப்பும் அதே பிழையில் போகும், இன்று காலை 5.30 வரை நடந்த விற்பனை நேற்றைக்கு எண்ணப்படும்.

2. அதிகாலை 2 மணி ஆளில்லாத நேரம் என்று நினைத்து வைத்திருப்பீர்கள். றமழானில் காத்தான்குடியும் ஏறாவூரும் கல்முனையும் சஹருக்கு விழித்திருக்கும். அந்த மாதத்துக்கு வேலையைக் காலை 7 மணிக்குத் தள்ளிப் பாருங்கள், ஆனால் உங்கள் சொந்தப் பதிவில் எந்த மணித்தியாலம் சோர்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

3. பழைய தரவின் நிறையைத் தேய்க்க வேண்டும், 30 நாளுக்கு ஒருமுறை பாதி. இல்லையென்றால் பெருநாள் முடிந்து மூன்று கிழமையாகியும் நோன்புக் கஞ்சிச் சாமானே மேலே நிற்கும். விவசாயச் சாமானுக்கு மட்டும் இந்த விதியைப் போடாதீர்கள். பெரும்போக விதைப்புக்கு வாங்கிய களைநாசினியின் தரவு அடுத்த ஐப்பசியில்தான் மறுபடி தேவைப்படும். 30 நாள் தேய்வில் அதற்குள் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். அந்த வகைக்கு, சென்ற வருடம் இதே மாதத்தில் நடந்ததற்கும் நிறை கொடுங்கள்.

4. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதிப் பேருக்குப் புதிய பட்டியல், பாதிப் பேருக்குப் பழையது. எப்போதும் புதிய பெயரில் எழுதி முடித்து, சரிபார்த்து, பிறகு எந்தப் பதிப்பு நடப்பில் உள்ளது என்ற ஒரேயொரு குறியை மாற்றுங்கள்.

5. மிக ஆபத்தானது இது. பாவனையாளர் வெக்டர் நேற்றைய ஓட்டத்திலிருந்தும் பொருள் வெக்டர் இன்றைய ஓட்டத்திலிருந்தும் வந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அளவு பொருந்தும், எண் வரும், பட்டியலும் வரும். ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும் 64 அச்சுகளும் வேறு திசையில் திரும்பியிருக்கும், அதனால் அந்தப் பெருக்கத்துக்கு அர்த்தமே இல்லை. அடையாள அட்டவணை மாறிப்போனாலும் இதே கதை, சாரம் வாங்கியவருக்கு வேறு யாருடையவோ பட்டியல் போகும். இரண்டு வெக்டர் கோப்பு, அடையாள அட்டவணை, அண்ணளவுத் தேடல் கட்டமைப்பு நான்கையும் ஒரே பதிப்பு எண் உள்ள ஒரே கோப்புறையில் வையுங்கள். ஏற்றும்போது நான்கின் எண்ணும் பொருந்தாவிட்டால் சேர்வர் ஏற மறுக்க வேண்டும்.

புதிய பதிப்பை நடப்புக்கு விடுமுன் கடைசி 7 நாளை ஒளித்துவைத்து, அதற்கு முந்திய தரவில் பயிற்றி, அந்த 7 நாளில் வாங்கியவற்றில் எத்தனை முதல் 20க்குள் வந்தன என்று எண்ணுங்கள். எழுந்தமானமாக வரிகளைப் பிரித்துச் சோதிக்காதீர்கள். நாளை வாங்கியதை வைத்து நேற்று வாங்கியதை ஊகிப்பது மாதிரி ஆகிவிடும், எண் அழகாக வரும், கடையில் எதுவும் நடக்காது. "ஆக அதிகம் விற்ற 20" என்ற எளிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதை வெல்லாத மாதிரியை விட வேண்டாம்.

இரவு வேலைக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் நடப்பதைப் பிடிக்க தரவு வரவர உடனே கணிக்கும் ஓடைத்தரவுக் கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. இப்போது கிளிக் செய்த கடைசி 10 பொருளின் அயல் பட்டியல்களைக் கூட்டினால் 500 கூட்டல்தான். ஏ.எல்.எஸ். பக்கத்தில், பொருள் வெக்டர்களை அசையாமல் வைத்து அந்த ஒரு பாவனையாளரின் வெக்டரை மட்டும் மறுபடி தீர்க்கலாம். 64 × 64 அளவான ஒரேயொரு சமன்பாட்டுத் தொகுதி. பொருள் வெக்டர்களின் பொதுப் பெருக்கத்தை முன்கூட்டியே கணித்து வைத்திருந்தால் ஒரு மில்லிசெக்கனுக்குள் முடியும். புதிதாக வந்தவருக்கு இன்னும் கிளிக் இல்லை என்றால் அவருடைய வலயத்தில் இந்தக் கிழமை அதிகம் போனவற்றைக் காட்டுங்கள். களுவாஞ்சிக்குடியில் ஓடுவதும் பொத்துவிலில் ஓடுவதும் ஒன்றல்ல.

கிளஸ்டர் எப்போது என்று கேட்டால்: 100 கோடி வரி சேர்ந்தாலும் தாயம் 8 ஜிபி, நிரல்வாரியான பிரதியோடு 16 ஜிபி. 32 ஜிபி சேர்வரில் அப்போதும் இடம் இருக்கும்.